ஓரெஸ்ட் பார்த்த கோடு

ஓரெஸ்ட் என்ற பெயரை வெல்மா முதன்முதலில் கேட்டது ஒரு வசவோடு சேர்த்துத்தான். கனடாவின் யார்க்டன் நகரிலிருந்து திரும்பிய அப்பா, புது டிரக்கின் சக்கரமெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அப்பியிருக்க, "எவன் அந்த ஓரெஸ்ட்? ரோட்டுல கோடு காயறதுக்குள்ள தடுப்பை எடுத்துட்டுப் போயிருக்கான்!" என்று வாசலில் குதித்தார். மறு வருஷம் வெல்மாவின் அக்கா டார்லீனைக் கட்டியவர் அதே ஓரெஸ்ட்.

முப்பத்தோரு வருஷம் நெடுஞ்சாலையில் நடுக்கோடு போட்டவருக்கு ஓய்வு பெற்றும் உட்காரத் தெரியவில்லை. சாப்பிடும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போவார், சாலையைப் பார்ப்பார், வந்து உட்கார்ந்து மறுபடி எழுவார். மூப்பால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து இன்னும் மோசம். காலையும் மாலையும் சாப்பாட்டோடு கண் மாத்திரை. மருந்துக் கடையில் பூதக்கண்ணாடி வைத்து டப்பாவைப் படிப்பார், பிறகு கடைப் பெண்ணிடம் சொல்வார்: "நாப்பது வருஷம் சிகரெட் ஊதித் தள்ளினவன்மா நான். கேரட் சத்து சேர்த்தது என் நுரையீரலுக்கு ஆகாதாம். அதுக்குப் பதிலா லூட்டின்னு ஒரு கீரைச் சத்து, அது போட்டதாப் பார்த்துக் குடு."

மாத்திரை போன பார்வையைக் கொண்டுவராது, நோய் முற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். ஓரெஸ்ட் காதில் விழுந்தது மாத்திரை மட்டும். கோடு நேராகத் தெரிகிறதா என்று தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொல்லி டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட தாள் ஃபிரிட்ஜில் தொங்கியது. இரண்டு கண்ணாலும் ஒரு முழி முழித்து, "நேராத்தான் இருக்கு" என்று நகர்ந்துவிடுவார். வாரம் மூன்று நாள் டார்லீனை டயாலிசிஸுக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போகிறவர் அவர். வண்டிச் சாவியை விட மனமில்லை.

போன மார்ச்சில் வெல்மா வந்திருந்தபோது காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார்.

"அத்தான், அந்தத் தாள் முன்னாடி நின்னு இடது கண்ணைப் பொத்துங்க."

"ஒரு வேளை மாத்திரை தவறினதில்ல. பொத்தி என்ன ஆகப்போவுது?"

"பொத்துங்கன்னா!"

பொத்தினார். காலை மாற்றி மாற்றி நின்றார்.

"இதை அச்சடிச்சவன் குடிச்சுட்டு அடிச்சிருக்கான், வெல்மா. கோடெல்லாம் நெளியுது."

"உங்களை அந்தத் திட்டு திட்டின எங்கப்பாகூட கோடு நெளியுதுன்னு சொல்லல, அத்தான்."

உள்ளறையிலிருந்து டார்லீன் கத்தினாள்: "சாவியை அவகிட்ட குடு, கிழவா! நான் உயிரோட ஆஸ்பத்திரி போய்ச் சேரணும்."

அன்றே கண் டாக்டரிடம் ஓடினார்கள். வலது கண்ணின் உள்ளே ரத்தக்குழாய்க் கசிவு. மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள். மாத்திரையையும் அவர் நிறுத்தவில்லை.

இப்போது டார்லீனை வெல்மாதான் கூட்டிப் போகிறாள். ஓரெஸ்ட் பக்கத்து இருக்கையில், இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, நடுக்கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.