நெஞ்சுக் குழாயும் வெள்ளிக்கிழமை சர்வேயும்

நுரையீரல் ஆபரேஷன் வார்டில் நர்ஸ் வேலை என்றால் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதைவிட அவர் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டிலைப் பார்ப்பதுதான் அதிகம். மும்பையில் சயான் பக்கம் பதினெட்டு வருஷமாகக் குனிந்து பார்த்ததில் எனக்கு இடுப்புவலி வந்ததுதான் மிச்சம். யாருக்காவது துணையிருந்து ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிய உங்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும்.

தண்ணீர் பாட்டில்

ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சுக்குள் சேரும் காற்றும் நீரும் வெளியே வர ஒரு குழாய் போடுவார்கள். அதன் மறுமுனை பாட்டில் தண்ணீரில் முங்கியிருக்கும். நோயாளியை இருமச் சொல்வோம். குமிழி வந்தால் நுரையீரலில் இன்னும் கசிவு இருக்கிறது, குழாயை எடுக்க முடியாது, வீட்டுக்கும் அனுப்ப முடியாது.

தாராவியில் தோல் பை தைக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி இதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். குடிசைகளை இடித்துவிட்டு மாற்று வீடு தருவதற்காக வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு சர்வே. வீட்டுக் காகிதம் அவர் பெயரில். ஆள் நேரில் இல்லாவிட்டால் பட்டியலில் வீடு விட்டுப்போகும் என்று தெருவெல்லாம் பேச்சு. அதனால் நான் இருமச் சொன்னால் லேசாகச் செருமுவார். குமிழி வராது. நானும் ‘கசிவு இல்லை’ என்று எழுதினேன், வெட்கக்கேடு. எதிர்க் கட்டில் மாட்டுங்கா மாமா, ரிட்டயரான பாங்க்காரர், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “சிஸ்டர், உங்க முன்னாடிதான் இப்படி. நீங்க அந்தண்ட போனா அவர் பாட்டில் ரசம் மாதிரி கொதிக்கறது.”

நம்பர் காட்டும் மெஷின்

எங்கள் டாக்டர் அப்போது பாட்டிலையும் மெஷினையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். மெஷின் கசிவை நம்பராகக் காட்டும். யாரும் பார்க்காத நேரத்திலும் பதிந்து வைத்துக்கொள்ளும். மாமாவுக்கு வைத்திருந்த மாதிரியே ஒன்றை அண்ணாச்சிக்கும் மாட்டினோம். கசிவு இல்லையென்றால் சைபர் காட்ட வேண்டியது, நாற்பது என்று காட்டியது.

“இருமாமல் சளியைச் சேர்த்து வைத்தால் காய்ச்சல் வரும், அப்புறம் வெள்ளிக்கிழமை என்ன, அடுத்த மாதமும் இங்கேதான்!” என்று கத்திவிட்டேன். கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி. அவர் மெஷினை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “பாட்டிலுன்னா நாம சொன்னத கேக்கும் சிஸ்டர். இது ஆள்காட்டிப் பய.”

தோளில் தொங்கும் பை

அன்றிலிருந்து ஒழுங்காக இருமினார். வியாழன் காலை நம்பர் நன்றாகக் குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. எக்ஸ்ரே சரியாக இருந்தது, காய்ச்சலும் இல்லை. டாக்டர் மூன்றாவது வழிக்கு வந்தார். வால்வு வைத்த சின்னப் பை. காற்று வெளியே போகும், உள்ளே திரும்பாது. தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கே போகலாம். அன்று மாலையே அனுப்பிவிட்டோம், என்ன ஆகுமோ என்று எனக்குத்தான் மறுநாள் முழுக்க வேலை ஓடவில்லை.

திங்கட்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாகக் குழாயை எடுக்க வந்தார்கள். வீட்டு வாசலில் அவரை நிறுத்தி சர்வேக்காரர் போட்டோ எடுத்ததைச் சொல்லும்போதே அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை: “போட்டோவுல அந்தப் பையும் விழுந்துட்டு சிஸ்டர். ‘யே க்யா ஹை’, இது என்னன்னு கேட்டான். ‘இதுவும் இந்த வீட்டுலதான் இருக்கு, சேத்து எழுதிக்கோ’ன்னுட்டேன்.”

பாட்டிலா, மெஷினா, பையா என்று டாக்டர் எழுதி முடித்த கட்டுரையில் கசிவு, வலி, படுத்திருந்த நாள் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, தப்பிய வீட்டுக்கு மட்டும் கட்டம் இல்லை.