குடைமேல் இருந்த அக்காவின் குரல்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் அக்காவின் குரல்.

அக்கா நாகர்கோவிலில் இருக்கிறாள். நான் கல்யாணமாகித் திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்கு வந்தவள். முந்திரிக்கொத்து யார் செய்தால் நன்றாக இருக்கும் என்பதில் எங்களுக்குள் வழக்கு தீர்ந்ததே இல்லை. பாசிப்பயறை வறுத்துப் பொடித்து, தேங்காயும் சேர்த்துச் வெல்லப் பாகில் உருட்டி, அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போடுகிற பலகாரம்தான். எல்லாம் பாகில் இருக்கிறது. பதம் கொஞ்சம் குறைந்தால் உதிரும், கூடினால் கல்லாகும். என் பாகு தவறாது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த பிறகு நான் பலகாரச் சட்டியைத் தொடவில்லை. மறு வருஷம் தீபாவளிக்கு ஏதோ தோன்றி, கொத்து செய்து அக்காவுக்குக் கொடுத்தனுப்பினேன். அவள் கூப்பிட்டுப் பேசாமல், போனிலேயே தன் பேச்சைப் பதிவு செய்து எனக்கு அனுப்பியிருந்தாள்.

"ஏட்டி, ஒரு காரியம் சொல்லுகேன், கேட்டியா. ஒனக்க கொத்து மாதிரி எனக்கு வரல்ல. சம்மதிக்கேன்."

எங்கள் அம்மாவுக்கே எதிர்ப்பேச்சு பேசினவள் அவள். அவள் வாயிலிருந்து, தோற்றதை ஒத்துக்கொண்டு, சம்மதிக்கேன் என்று வந்ததை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதற்குப் பிறகு பேச்சு இருக்காது, கரகரவென்று ஒரு இரைச்சல்தான். முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடுவேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பிறகு எந்தத் தீபாவளிக்கும் நான் சட்டி ஏற்றாமல் இருந்ததில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தேன்.

என் பழைய போன் சாகப் போகிற சமயத்தில், மருமகள் அதை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தாள். மருமகள் மலையாளத்துப் பெண். என்னிடம் பேசுவதற்காகத் தமிழ் படித்தாள், பாதி வந்திருக்கிறது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் சங்குமுகம் கடற்கரையில் நாங்கள் எல்லோரும் நிற்கிற படம் வரும். பின்னால் கடலைக்காரரின் கறுப்புக் குடை. அந்தக் குடைமேல் அக்கா குரலை வைக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டித் தேடுகிற வேலை எனக்கு வேண்டாம். குடையைத் தொட்டால் அக்கா பேசுவாள்.

போன தீபாவளிக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றாள் மருமகள்.

"துடைச்சா அக்கா?"

"பேடிக்கண்டா அம்மா. எல்லாம் இதில எடுத்து வெச்சிட்டுண்டு." வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். இத்தனை வருஷத்துப் படமும் கணக்கும் அதற்குள் இருக்கிறதாம். பயப்படாதே என்று சொன்னதால் எனக்குப் பயம் கூடியது.

துடைத்து முடித்த அன்றைக்கென்று அக்கா வந்து இறங்கினாள். அவள் வருகிறாள் என்று நான் காலையிலேயே கொத்து செய்து வைத்திருந்தேன். டப்பாவைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"இன்னும் இதத்தான் செய்யியா?"

"நீதானே சம்மதிச்ச, ஒனக்கு இப்பிடி வராதுன்னு."

"நானா? எப்பம்? கனவு கண்டிருப்ப."

"ஒனக்க வாயாலயே கேக்க வைக்கேன். இரி அங்க."

மருமகள் அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி ஏற்றிக்கொண்டிருந்தாள். திரையில் சங்குமுகம் இல்லை, வெறும் நீலம். குடையும் இல்லை.

"அம்மா, அதின்ற பேரு எந்தா?"

"பேரெல்லாம் தெரியாது. குடைக்கு மேல இருந்திச்சு."

"குடை படத்திலல்லே? ஃபைலுக்கு ஒரு பேரு உண்டல்லோ." அவள் தலையைச் சொறிந்தாள். குரல்கள் மட்டும் நிறைய இருந்தன, எல்லாவற்றுக்கும் பேர் என்று நீளமாக எண்கள்தான். "ஷெரி, ஒண்ணொண்ணா கேக்காம்."

முதலில் யார் வீட்டுக் கல்யாண நாதஸ்வரமோ வந்தது. பிறகு மகன் கடைக்கு அரிசி மூட்டை வந்ததா என்று கேட்டான். என் நாத்தனார் மூட்டுவலியைப் பற்றி நெடுநேரம் பேசினாள். அக்கா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

"இருந்தாத்தானே கெடைக்கும்!"

அது போயிருந்தால் நான் சொன்னதெல்லாம் பொய் என்றாகிவிடும். அவளும் விடமாட்டாள்.

அப்போதுதான் வந்தது. "ஏட்டி, ஒரு காரியம் சொல்லுகேன், கேட்டியா..."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். அக்காவின் சிரிப்பு நின்றது. "சம்மதிக்கேன்" என்ற இடம் வந்ததும் வழக்கம்போல் நிறுத்தக் கையை நீட்டினேன். நிறுத்துகிற பொத்தான் அந்த இடத்தில் இல்லை. புதிதாக ஏற்றியதில் எல்லாம் இடம் மாறியிருந்தது. இரைச்சல் ஓடியது. பிறகு தூரத்திலிருந்து மறுபடியும் அக்கா குரல், அத்தானிடம் பேசுகிறாள்.

"என்னத்த நல்லாருக்கு? பல்லு எளகிப் போச்சு. அம்மியில வச்சுத் தட்டித்தான் தின்னேன்."

"பின்ன எதுக்கு அவ்வளவு தூக்கி வச்சுப் பேசுன?" இது அத்தான்.

"அவரு போன பெறவு இப்பந்தான் அவ சட்டிய அடுப்புல ஏத்தியிருக்கா. நல்லால்லன்னு சொன்னா எறக்கி வச்சிருவா. நீரு யாருட்டயும் சொல்லாதேயும். அந்த டப்பாவ இங்க தாரும், இன்னொண்ணு எடுக்கட்டு."

அதோடு நின்றது.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"பேசி முடிச்சா அதுவா நின்னிரும்னு நெனச்சேன்ட்டி," என்றாள் அக்கா. "இவ்வளவு வருசமும் நீ முழுசாட்டு கேக்கல்லியா?"

அந்த வருஷத்துப் பாகு எனக்கு ஞாபகம் வந்தது. கண் கலங்கிக்கொண்டே கிண்டினேன், நேரம் போனது தெரியவில்லை. கல்லாகத்தான் இருந்திருக்கும். அது ஒரு வருஷம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, பாக்கி கட் செய்யட்டே?" என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள். "நல்லது மட்டும் வெக்காம்."

"ஒண்ணும் வெட்டாண்டாம். அந்தக் கடல் படத்தக் கொண்டு வா. முழுசாட்டு குடைக்கு மேல வை."

கடற்கரை வந்தது, குடை வந்தது, அக்கா அதன்மேல் ஏறிக்கொண்டாள். நான் போய் டப்பாவைத் திறந்து இந்த அக்காவின் முன்னால் வைத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"நல்லாருக்கு."

"நெசமாட்டா?"

அக்கா இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"மொதல்ல அந்தக் கம்ப்யூட்டர அணைக்கச் சொல்லு. பெறவு சொல்லுகேன்."