ஏட்டுக்குத் திறந்த ஜன்னல்

என் கண்ணுங்களா, மணி, குப்பு, சின்னப்பாப்பா,

உயரத்தில் இருக்கும் அந்தப் பலகையைக் கை கழுவாமல் தொடாதீர்கள் என்று நான் அதட்டும்போதெல்லாம் ஏன் என்று கேட்கிறீர்கள். வாயால் சொல்லப்போனால் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நம்மைப் போலச் சீக்கிய குருவை நம்புகிற மற்றவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

பெரிய உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை. இராயபுரத்தில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர். சின்னப்பாப்பா பிறந்து மூன்றாம் நாள் உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. என்னைப் பார்த்தே யார் நீ என்று கேட்டாள். பிள்ளையை மார்பில் போட்டால் தள்ளிவிட்டாள். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று மருத்துவச்சி ஜன்னலில் கோணியை அடைத்து, சாம்பிராணிச் சட்டியையும் பக்கத்தில் வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். மறுநாளும் தணியாமல் போகவே தண்ணீரில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்சம்மா வேறொரு பிரசவத்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். திரும்பி வந்து வாசலில் நின்று அழுதேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கூரை ஒழுக ஆரம்பித்தது. பரண் மேல், சர்தார்ஜி மூட்டையின் மேலேயே ஒழுகியது.

சர்தார்ஜி யார் என்று குப்புவுக்கு நினைவிருக்காது. ஹார்பரில் கிரேன் ஓட்டிய கிருபால் சிங். நான் அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். நீ எந்தத் தெரு, என்ன ஜாதி என்று கேட்காமல் தன் பக்கத்தில் உட்காரவைத்து எனக்கு ரொட்டி போட்ட முதல் மனுஷன் அவர். அவர் சாமியின் பேர் வாஹேகுரு. அந்தப் பேரை அவர் வாயிலிருந்துதான் கற்றேன். அவர் ரங்கூனுக்கு வேலையாகப் போகும்போது பழைய பிரார்த்தனைப் புத்தகங்களைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். தையல் விட்டவை, ஓரம் உதிர்ந்தவை.

"தேக்கோ பாய், பாரு தம்பி, கிழிஞ்சு பூட்ச்சுன்னு கடாசக் கூடாது. கைய கழுவு. தலைல துணி போடு. ஒசரமா வை. பீடி, பொகை கிட்ட வரக் கூடாது. நான் வந்து ஊருக்கு எடுத்துக்கினு போவேன். அங்க மருவாதியா நெருப்புக்குக் குடுப்போம், மனுஷனுக்குச் செய்ற மாதிரி" என்றார்.

பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் ஏடுகள் சொதசொதவென்று இருந்தன. வெயில் இல்லை. அடுப்பருகே வைத்தால் சுருண்டுவிடும். அந்தப் புகையில் கரி படிந்துவிடும். வேறு அறையும் நமக்கு இல்லை. நான் ரொம்ப யோசிக்கவில்லை. கோணியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன். சாம்பிராணிச் சட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். வெந்நீர் வைத்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். வேட்டியைக் கொதிக்கவைத்துப் பிழிந்து, காற்றில் உலரவிட்டுக் கிழித்து, ஒவ்வொரு ஏட்டுக்கும் நடுவில் வைத்தேன். அதே வெந்நீர்தான், அதே துணிதான் உங்கள் அம்மாவுக்கும். அவளுக்குத் தனியாக எடுக்க வீட்டில் என்ன இருந்தது? அவளைத் தொட்ட கையை மறுபடி கழுவிவிட்டு ஏட்டைத் தொட்டேன். ஏட்டை வைத்துவிட்டுக் கழுவி, அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டேன்.

அந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்கு வாசிக்கத் தெரியாது. எது தலைப்பக்கம் என்பதே சந்தேகம். ஒரு ஏட்டைப் பிரிக்கும்போது ஒரு தரம் வாஹேகுரு என்பேன். நடுவில் இப்படிச் சொன்னேன்: "இத நான் பாத்துக்கறேன். அவள நீ பாத்துக்க." என் ஜெபம் அவ்வளவுதான்.

அப்போதுதான் உங்கள் முனுசாமி மாமா வந்தார். அம்மாவுக்கு மூத்தவர், படகுக்காரர். நனைந்துகொண்டே வந்தவர் வாசலில் நின்று கத்தினார்.

"இன்னா மாப்ளே, எந்தங்கச்சி சாவக் கெடக்குறா, நீ குந்திகினு புக்கு காயப்போட்டுகினு கீறே?"

"மச்சான், பீடிய வெளிய போட்டு வா. கைய கழுவிகினு வா."

"புக்குக்குக் கைய கழுவணுமா? இது இன்னா புக்கா, கலெக்டரா?"

திட்டிக்கொண்டேதான் கழுவினார். ஆனால் உள்ளே வந்து ஏடுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. உடைந்த சாமி படத்தையே வீட்டில் வைக்காதவர்கள் நம் ஆட்கள். "கிழிஞ்சுபோன சாமி புக்க பிரசவ வூட்ல வெச்சா வெளங்குமா? குடு. கற்பூரம் ஏத்தி, அலை தாண்டிப் போயி கடல்ல வுட்டுட்டு வரேன். அவ எந்திருப்பா" என்று துணியை விரித்தார். அவருக்குத் தங்கை உயிர். ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது. குறுக்கே கை நீட்டினேன்.

பாயிலிருந்து குரல் வந்தது.

"அண்ணாத்தே, அது அங்கயே கெடக்கட்டும். அத எடுத்தா ஜன்னல சாத்திடுவாரு. காத்து வருது. நல்லா கீது."

இரண்டு நாளாக உளறியவள், அவரை அடையாளம் கண்டு பேசினாள். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு விசிறியை எடுத்து வீசினார். அவளுக்கும் வீசினார், ஏட்டுக்கும் வீசினார்.

காலையில் நர்சம்மா வந்தார். ஜன்னலைப் பார்த்தார், சோப்பைப் பார்த்தார், காயும் துணிகளைப் பார்த்தார். "யாருப்பா உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்றார். புத்தகத்துக்காகச் செய்தேன் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் புத்தகத்துக்குச் செய்ததையே இந்த அம்மாவுக்கும் செய்துகொண்டிரு. நிறுத்தாதே" என்று மருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

காய்ச்சல் உடனே விடவில்லை. இறங்கும், ஏறும். ஒரு புத்தகம் கல்லாக ஒட்டிப்போயிற்று, அதை என்னால் பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் வைக்க, சுவரில் ஒழுகாத இடம் பார்த்து உயரத்தில் அந்தப் பலகையை அடித்தேன். ஆனால் கார்த்திகை பிறந்தபோது உங்கள் அம்மா எழுந்து உட்கார்ந்து சின்னப்பாப்பாவுக்குத் தலை வாரினாள், அதற்கு நாலு முடிகூட இல்லை.

கண்ணுங்களா, அந்த ஏட்டில் மந்திரம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சர்தார்ஜி கேட்டாலும் கோபிப்பார். நான் நர்சம்மாவை அனுப்பு என்று வாஹேகுருவிடம் அழுதேன். அவர் வருகிறவரை என்ன செய்யவேண்டுமோ அதை என் கையில் கொடுத்துவைத்திருந்தான் அவன். புகையிலை அந்தப் புத்தகத்துக்கு ஆகாது என்று, நான் போட்டுக்கொண்டிருந்த மூக்குப்பொடியையும் அன்றோடு விட்டேன். இப்போது ஹார்பர் சர்தார்கள் நைந்த புத்தகம் எது இருந்தாலும் நம் வீட்டில்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள். உங்களுக்கும் ஒரு நாள் வழி அடைத்துக்கொள்ளும். அப்போது பெரிய வார்த்தை தேடாதீர்கள். கையில் இருப்பதை மரியாதையாகச் செய்யுங்கள். உங்களால் ஆகாததை அவனிடம் விடுங்கள். அவன் பார்த்துக்கொள்வான்.

அந்தப் பொங்கல் கழித்து சர்தார்ஜி ரங்கூனிலிருந்து வந்தார். மூட்டையைத் தலையில் வைத்து, செருப்பில்லாமல் ரயிலடி வரைக்கும் நடந்தார். நானும் கூட நடந்தேன். வண்டி போனபின் வீட்டுக்கு வந்தேன். அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். பலகை வெறிச்சென்று இருந்தது. ஏடுகளுக்கு நடுவில் வைத்த துணிகளை மடிக்கலாம் என்று எடுத்தேன். ஒரு மடிப்பில் நகத்தளவு காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு எழுத்து, அதுவும் பாதி.

துணியைக் கீழே வைத்தேன். கை கழுவினேன். தலையில் துண்டைக் கட்டினேன். அந்தத் துணுக்கை ஒரு முழு வேட்டியில் சுற்றி, பலகையின் நடுவில் வைத்தேன்.