நாற்பத்து மூன்று கொத்து

அந்தக் குடியிருப்பில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எடைக்கல் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிக்கும் அரசாங்க உத்தியோகம். முப்பத்தோரு வருஷம், தன் பெட்டியிலிருக்கும் கல்லை வைத்துப் பார்க்காமல் ஒரு தராசையும் நம்பியதில்லை. வீட்டிலும் அதே வழக்கம்தான். பால் பொங்குது என்று மனைவி சொன்னால், எழுந்து வந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்பார். அதற்குள் பால் அடுப்பெல்லாம் வழிந்திருக்கும். துடைப்பது அவள் வேலை.

இது அந்த மனைவியின் கதை. ஆனால் அவரைத் தாண்டாமல் அவளிடம் போக முடியாது. என்ன செய்வது, கட்டிக்கொண்டதும் அப்படித்தான்.

அவள் தையல்காரம்மா. புதுத்துணி தைப்பதில்லை. பேண்ட் நீளம் குறைக்க, ஜிப் மாற்ற, இளைத்தவர்களுக்கும் பெருத்தவர்களுக்கும் இடுப்பைப் பிடிக்கவோ விடவோ என்று மாடி மாடியாகத் துணி வரும். கூடத்து ஜன்னலோரம் மெஷின். ஒரு துணியை எடுத்துப் பார்த்தாலே உடுத்துகிறவர் எந்தத் தோளில் பை மாட்டுகிறார் என்று சொல்லிவிடுவாள். ஊருக்கெல்லாம் அவள் கண் மேல் நம்பிக்கை. வீட்டுக்காரருக்குத்தான் இல்லை.

மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது, "ஏங்க, பிள்ளைக்குக் காது சரியாக் கேக்கலைன்னு தோணுது" என்றாள். எடைக்கல் உடனே சோதனையில் இறங்கிவிட்டார். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டினார். குழந்தை திரும்பியது. மறுபடி தட்டினார். மறுபடி திரும்பியது. "பாத்தியா? உனக்குத்தான் கோளாறு" என்று முடித்துவிட்டார். கைதட்டும்போது அவர் நிழல் குழந்தைக்கு முன்னால் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. அதையும் அவள் சொன்னாள். காதில் போட்டுக்கொண்டால்தானே. ஒன்றரை வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். எடைக்கல் வெளியே வந்து உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது" என்றார். அவள் பக்கத்தில் பிள்ளையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஓய்வு பெற்றதும், சோதிக்கக் கடை இல்லாமல் கை அரித்தது. வீட்டுக்கு வந்தது ஆறடிக் கண்ணாடித் தொட்டி. சும்மா மீன் தொட்டி அல்ல, உப்புத் தண்ணீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டி. உப்பை அளப்பார், சூட்டை அளப்பார், சுண்ணாம்புச் சத்தைச் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு அளப்பார். அளப்பதற்கு இவ்வளவு விஷயம் உலகத்தில் இருக்கிறதா என்று மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. தொட்டியின் ஒரு மூலைக்கு எதிரே தையல் மெஷின். நகர்த்தச் சொல்லவில்லை என்பதே பெரிய சலுகை.

அவள் அந்தத் தொட்டியை முதலில் விரும்பவில்லை. பிறகு மஞ்சள் மீன் ஒன்று வந்தது. மெஷின் ஓடத் தொடங்கினால் போதும், எங்கே இருந்தாலும் அவள் பக்கத்து மூலைக்கு வந்து நின்று, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். நிறுத்தினால் போய்விடும். அதற்கு வாலு என்று பேர் வைத்தாள். பகல் முழுக்க அதனோடுதான் பேச்சு. "என்னடா, இந்த மனுஷன் ஒரே பேண்டை மூணாந்தரம் சின்னதாக்கச் சொல்றான், வயிறு மட்டும் குறையலை" என்பாள். சொன்னதை நம்பாமல் எழுந்து போய்ச் சோதித்துப் பார்க்காத ஒரே உயிர் அந்த வீட்டில் அதுதான்.

எடைக்கல் தனக்கென்று வாங்கியது சிவப்பு மீன். நெருப்பு நிறம், கறுப்புக் கோடு, ஒரு மிதப்பு. துரை என்று அவரே பேர் வைத்தார். துரை வந்த மூன்றாம் வாரம், தினமும் பூ மாதிரி விரிகிற பச்சைப் பவளம் விரியாமல் சுருங்கிக் கிடந்தது. பிறகு பக்கத்திலிருந்த ஊதாப் பவளமும் சுருங்கியது. எடைக்கல் எல்லாவற்றையும் அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"துரைதாங்க கொத்துது" என்றாள். "நீங்க அந்தப் பக்கம் போனதும் ஒரு கொத்து, நாலு சுத்து, திரும்ப ஒரு கொத்து."

எடைக்கல் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். தீனி போடுகிற ஆள் வந்துவிட்டாரே என்று துரை கண்ணாடிக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "எங்கடி கொத்துது?" என்றார்.

"உங்களைப் பாத்தா கொத்தாதுங்க. என்னை அது மேசை நாற்காலி மாதிரி நினைச்சுக்குது. அதனாலதான் எனக்குத் தெரியுது."

மேசை நாற்காலியின் சாட்சியை அவர் ஏற்கவில்லை. வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரைக் கேட்டார். அவர் தொட்டியைப் பார்க்காமலே, "மஞ்சளும் சில சமயம் கொத்தும் சார்" என்றார். சில சமயம் என்பது வீடு வருவதற்குள் கழன்றுவிட்டது. மஞ்சள்தான் என்று முடிவாகிவிட்டது.

"வாலு பாசியைத் தவிர ஒண்ணையும் தொட மாட்டான். நான் நாள் பூரா பாக்கிறேன். அவனைப் பிடிக்காதீங்க" என்றாள். தனக்காக எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், அன்று இரண்டு முறை கேட்டாள்.

பாறைக்குள் ஓடி ஒளிகிற மீனைப் பிடிக்கப் பாறையையே பிரிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரித்தார். தண்ணீர் கலங்கி, தரையெல்லாம் ஈரமாகி, வலையோடு அவர் மல்லுக்கட்டியும் மீன் அகப்படவில்லை. கடைசியில், "மெஷினைக் கொஞ்சம் ஓட்டு" என்றார். அது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. அவள் முடியாது என்றிருக்கலாம். இத்தனை வருஷத்தில் முடியாது என்று சொல்ல அவள் வாய் பழகவில்லை. துணி வைக்காமல் வெறும் மெஷினை ஓட்டினாள். வாலு மூலைக்கு வந்து நின்றது. வலை இறங்கியது.

ஆறாம் நாள், நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் வாலுவைக் கொண்டுபோய்க் கொடுத்த மீன் கடைக்குப் போனாள். "மஞ்சளா? வந்ததிலேர்ந்து சாப்பிடவே இல்லைம்மா. நேத்துப் போயிடுச்சு" என்றார் கடைக்காரர். அவள் நூல் வாங்க மறந்து திரும்பினாள். ஒரு மீனுக்கு அழுவதா என்று படியேறும்போது தன்னையே திட்டிக்கொண்டாள். அழுதது மீனுக்கு மட்டுமா என்று அவளைக் கேட்க ஆளில்லை.

பச்சை விரியவில்லை. ஊதா பாதி வெளுத்துவிட்டது. இப்போது எடைக்கல் பழைய செல்போன் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டித் தொட்டி முன்னால் நிறுத்தினார். "நான் மூணு மணி நேரம் வெளிய போறேன். நீ உன் வேலையைப் பாரு. குறுக்க வராத."

அவர் கதவைச் சாத்தி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, துரை இறங்கி வந்து பச்சையைக் கொத்தியது. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. செல்போனுக்குக் காதும் உண்டு. நம் வாய்க்குத்தான் மதிப்பில்லை, செல்போனில் பதிந்த பேச்சுக்குமா இருக்காது? தைத்துக்கொண்டே சத்தமாக எண்ணத் தொடங்கினாள். "ஒண்ணு, பச்சை மேல. ரெண்டு, மறுபடியும் பச்சை. மூணு, ஊதா." ஊசியில் ஒரு கண், தொட்டியில் ஒரு கண். மூன்று மணி நேரமும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

எடைக்கல் அந்த வீடியோவை டிவியில் போட்டார். முதல் நிமிஷத்திலேயே, "உன் மெஷின் சத்தம் மண்டையைப் பிளக்குது" என்று ஒலியை அடியோடு குறைத்துவிட்டார். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கோடு போட்டார். துரை கையும் களவுமாக அகப்பட்டது. "நாப்பத்தொண்ணு!" என்று துள்ளினார். "எனக்கு அப்பவே இது மேல ஒரு சந்தேகம்."

அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டாள். அதே வாக்கியம், இருபத்தைந்து வருஷம் கழித்து.

அந்த ஞாயிறு மகள் வந்தாள். அப்பா பெருமையாக வீடியோவைப் போட்டுக் காட்டினார், இப்போதும் ஒலி இல்லாமல். மகள் மீனைப் பார்க்கவில்லை. தொட்டியின் ஓரத்தில் கறுப்புத் தாள் ஒட்டிய இடத்தில் தைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முகம் கண்ணாடியில் பிரதிபலித்தது. சின்ன வயதிலிருந்து மற்றவர்களின் வாயைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டவள் அவள்.

"அப்பா, அம்மா எண்ணிட்டிருக்காங்க" என்றாள்.

"என்ன எண்ணுறா?"

"கொத்துறதை." கடைசிவரை பார்த்தாள். "நாப்பத்திமூணு."

ஒலியைக் கூட்டினாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் குரல் கூடத்தில் கேட்டது: நாப்பத்திமூணு, பாறைக்குப் பின்னால. எடைக்கல்லின் முகம் ஒரு நொடி மாறியது. தையல்காரம்மா அந்த ஒரு நொடியைப் பார்த்தாள்.

அவர் நோட்டைப் புரட்டினார். "நான் ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தேன். நாப்பத்தொண்ணுதான்."

"பாறைக்குப் பின்னால நடந்தது கேமராவுக்குத் தெரியாதுப்பா. அம்மா உக்காந்த இடத்துலேர்ந்து தெரியும்."

"தெரியாததை எப்படிக் கணக்குல சேக்கிறது?" என்றார்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, துரையை எப்போது பிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். எடைக்கல் தொட்டியைப் பார்த்தார். துரை கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து மூடியது.

"மறுபடியும் பாறையெல்லாம் பிரிக்கணும். கடைத் தொட்டியில விட்டா இது தாங்காது, செத்துடும்" என்றார். "பாவம், அதுவும் ஒரு உயிர்தானே."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியிருக்கலாம். கத்தினால் எவ்வளவு சத்தம் என்று அளந்திருப்பார். கையிலிருந்த டீயை மேசையில் வைத்துவிட்டு, "இந்த மெஷினைக் கொஞ்சம் பிடி" என்றாள் மகளிடம். இருவரும் அதை இழுத்துக்கொண்டுபோய்ப் பின்னறை ஜன்னலோரம், சுவரைப் பார்த்தாற்போல் போட்டார்கள்.

"அங்க வெளிச்சம் பத்தாது" என்றார் எடைக்கல்.

"பத்தும்" என்றாள்.

இரண்டு மாதத்தில் பச்சை போயிற்று, ஊதாவும் போயிற்று. மிஞ்சியது முதல் வாரத்தில் அவர் வாங்கி, கைப்பிடி அளவிலிருந்து தாம்பாளம் அளவுக்கு வளர்த்த பெரிய பவளம் ஒன்று. அதை மட்டும் துரை தொட்டதில்லை. ஒரு காலை அது விரியவில்லை. மறுநாளும் விரியவில்லை. எடைக்கல் உப்பை அளந்தார், சூட்டை அளந்தார், சொட்டு மருந்து விட்டார். எல்லாம் சரியாக இருந்தது. செல்போனை வைத்துப் பார்த்தார். பவளத்தின் அந்தப் பக்கத்தைப் பாறை மறைத்தது.

பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா," என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. "பெரிசு சுருங்கிக் கிடக்குது. துரைதான் கொத்துதா, இல்ல வேற எதாவதா? நீ என்ன பாத்த?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவள் ஒரு ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். எதிரே வெறும் சுவர்.

"நான் பாக்கலீங்க" என்றாள்.