படலையில் கட்டிய வேப்பங்குழை

கொரோனா ஊரடங்கு தளர்ந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, என் மகனின் கைப்பேசியைக் காணவில்லை என்று வீடே தலைகீழானது. மகன் கல்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை பார்த்தவன். வெளிநாட்டுக்காரர் வரவு நின்றதும் ஹோட்டலைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் தெருவில் வேலை போனவன் அவன் மட்டுமல்ல. கட்டாரிலிருந்து பெட்டியோடு திரும்பியவன், பஸ் வராததால் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகாமல் இருந்த பெண்பிள்ளைகள், கல்யாணமே நடக்காததால் மேளத்தைச் சீலையால் மூடிவைத்தவர் என்று அந்த வரிசை நீளமானது. அன்றுதான் ஹோட்டலிலிருந்து மறுபடி கூப்பிடுவார்கள் என்று ஒரு தகவல் வந்திருந்தது. அதற்குள் கைப்பேசி மறைந்துவிட்டது.

எல்லோரும் தேடும்போது அவனுடைய எட்டு வயது மகன், என் பேரன், மட்டும் மாமரத்தடியில் மிகவும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"அரிசி வாளிக்குள்ளயா, நெல்லு மூடைக்குள்ளயா மனே?"

"நெல்லு மூடைக்குள்ள" என்றான். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு எப்பிடித் தெரியும் அப்பப்பா?" என்றான்.

எப்படித் தெரியும் என்பதை இதுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. கைப்பேசியை எடுத்துக் கொடுத்தோம். மகனும் வேலைக்குப் போய்விட்டான். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. எழுபதைத் தாண்டிய பிறகு மறைத்து வைத்திருப்பதில் பயனும் இல்லை.

எனக்கும் அப்போது எட்டு வயது. அந்த வருடம் எங்கள் ஊரான செட்டிபாளையத்துக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பல நாடுகளைச் சுற்றிக் கடல் கடந்து வந்த காய்ச்சல் அது என்று படித்து அறிந்தது பிற்காலத்தில். எனக்கு அன்று அது பள்ளிக்கூடத்தைப் பூட்டிய காய்ச்சல், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு அது வேலையைப் பூட்டிய காய்ச்சல். வாவியில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றி இறக்கியவர், ஏறுவதற்கு ஆளில்லாமல் தன் தோணிக்குள்ளேயே படுத்துத் தூங்கினார். முடி வெட்டுபவரைத் தலையைத் தொடவிடப் பயந்து ஊரே முடி வளர்த்தது. மட்டக்களப்புப் பட்டணத்தில் கூட்டம் வராத ஒரு தியேட்டரைப் பூட்டினார்கள். அந்தத் தியேட்டரின் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

டிக்கெட் கிழிப்பது மாத்திரமல்ல, பின்னேரங்களில் மாட்டு வண்டியில் ஏறி, தகரக் குழாயை வாயில் வைத்து, என்ன படம் ஓடுகிறது என்று தெருத்தெருவாகக் கத்துவதும் அவருடைய வேலைதான். ஓசியில் எல்லாப் படத்தையும் பார்த்தவர். எந்தப் படத்திலும் எல்லோருடைய வசனத்தையும், கதாநாயகியின் அழுகை உட்பட, ஒப்பிப்பார். பட்டணத்திலேயே தங்கி வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். தியேட்டர் பூட்டியதும் மொத்தமாக வந்து சேர்ந்தார்.

எனக்கோ அது திருவிழாக் காலம். காலையில் வாவியில் வலை வீசி றால் பிடிப்போம். மத்தியானம் அம்மாவின் சீலையை முற்றத்தில் கட்டி, அதற்கு முன்னால் மாமா தனியொருவராக ஒரு முழுப் படத்தையும் நடித்துக் காட்டுவார். சண்டைக் காட்சியில் தன்னைத் தானே அடித்துக்கொண்டு விழுவார். பின்னேரம் கடற்கரையில் பட்டம். காய்ச்சல் இப்படியே நீடிக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் நான் நேர்ந்துகொண்டதும் உண்டு.

மாமாவுக்குக் களுதாவளையில் பெண் பேசியிருந்தார்கள் என்பதும், "தியேட்டர் திறக்கட்டும், மறுகா நாள் பாப்பம்" என்று பெண்ணின் தகப்பன் சொல்லிவிட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் களுதாவளைப் பெண்ணால் எனக்கு என்ன லாபம்?

ஒரு நாள் தபால்காரர் என் கையில் ஒரு தபாலட்டையைத் தந்தார். தியேட்டர் மனேஜர் எழுதியது. வெள்ளிக்கிழமை கல்முனைக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வருவதாகவும், மறுபடி திறக்கப்போகும் தியேட்டரில் வேலையைப் பற்றிப் பேசுவதாகவும் இருந்தது. மாமா அதை மூன்று தரம் வாசித்தார். நானும் வாசித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமா கஞ்சி போட்டு மடித்த சேர்ட்டும் முகம் நிறையப் பவுடருமாக உள்ளே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா விருந்தாளிக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். நான் பின்வளவில் ஒரு வேப்பங்கொப்பை முறித்தேன். மாமாவின் பட்டநூலில் ஒரு முழம் பல்லால் கடித்து எடுத்தேன். அந்தக் குழையை எங்கள் வாசல் படலையில், தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி கட்டினேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே அம்மன் நோயோ கடும் காய்ச்சலோ இருக்கிறது. யாரும் படலையைத் திறக்கக் கூடாது, ஆளைக் கூப்பிடக் கூடாது, திரும்பும்போது 'போயிட்டு வாறன்' என்றும் சொல்லக் கூடாது. சொன்னால் நோய் கூடவே வரும் என்பார்கள்.

கார் தெருவில் வந்து நின்றது. வளவின் கடைசியில் இருந்த வீட்டுக்குள், பலகாரச் சட்டியின் இரைச்சலில், அது யாருக்கும் கேட்கவில்லை. மனேஜர் மூக்கில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டே இறங்கி, வேப்பங்குழையைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் போனார். படலைக்கு உட்புறம் நான் நின்றேன்.

"ஆருக்குத் தம்பி காய்ச்சல்?"

"எல்லாருக்கும்."

"மாமாக்குமா?"

"அவருக்குத்தான் கூட."

சாரதி அதற்குள் காரைத் திருப்பிவிட்டான். "சரி தம்பி, போயிட்டு வா..." என்று பழக்கதோஷத்தில் தொடங்கிய மனேஜர், நாக்கைக் கடித்து, "போறன், போறன்" என்று இரண்டு தரம் சொல்லி ஏறிக்கொண்டார். புழுதி அடங்கும்வரை நான் சிரித்தேன்.

மத்தியானம்தான் மாமா தெருவைப் பார்க்க வந்தார். அதற்குள் அயலவர்கள் சத்தமில்லாமல் நாலு இளநீரும் ஒரு சட்டி கஞ்சியும் படலையடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாமா அவற்றைப் பார்த்தார், குழையைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவிழ்த்து, நூலைத் தன் விரலில் சுற்றிக்கொண்டார்.

"எந்த மூதேவி கட்டினவள் இதை?" என்று அம்மா குதித்தார்.

"உடுங்க அக்கா. கோயில் ஆக்கள் எல்லா வீட்டுக்கும் கட்டிக்கொண்டு போயிருப்பாங்க" என்றார் மாமா.

பொய்க் காய்ச்சலுக்கு வந்த இளநீரில் இரண்டை நானே குடித்தேன்.

அடுத்த நாள் மாமா முதல் பஸ்ஸில் பட்டணம் போய்ப் பின்னேரம் திரும்பினார். மாமாவின் இடத்துக்கு மனேஜர் கல்முனையிலிருந்து வேறொருவரை எடுத்துவிட்டாராம். காய்ச்சல் இல்லை என்று இவர் சொன்னது எடுபடவில்லை. மூக்கில் கைலேஞ்சியை வைத்து மனேஜரைப் போலவே நடித்துக் காட்டினார்:

"'இல்லையெண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. காய்ச்சல் வீட்டுக்காரன் டிக்கெட் கிழிச்சாச் சனம் உள்ளுக்கு வருமா காணும்?'"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் நான்.

மாமா பிறகு சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்றார். தியேட்டர்க் குரலில் அவர் கூவும்போது, றாலோடு வசனமும் கிடைக்கும் என்று பெண்கள் வெளியே வருவார்கள். கல்யாணம் ஒரு வருடம் பிந்தி, களுதாவளைத் தகப்பனின் முணுமுணுப்போடு நடந்தது. மாமி நல்லவர், வீடு கலகலப்பாகவே இருந்தது. ஆனால் மாமாவோடு அந்தத் தியேட்டருக்குப் போன நாட்களில், டிக்கெட் வாங்கி அந்த வாசலை நெருங்கியதும், யாருடைய டிக்கெட்டையோ வாங்குவதற்குப் போல அவர் கை தானாக நீண்டு, பிறகு மடங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்போதும் நான் சொல்லவில்லை. அவர் இருக்கும்வரை சொல்லவில்லை. அது என் பிழை.

பட்டணத்திலிருந்து திரும்பிய அந்தப் பின்னேரத்தில், சேர்ட்டைக்கூட மாற்றாமல், "வாங்க மருமகன், காத்து நல்லா இரிக்கி" என்று என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது நூலில் புதிதாக ஒரு துண்டு முடிந்திருப்பதைக் கண்டேன். ஒரு முழம்தான் இருக்கும். அதில் இலைச்சாறு பட்டுப் பச்சையாக இருந்தது.

"பிடிங்க. இந்தத் துண்டு நல்லாத் தாங்கும்" என்று சொல்லி, மாமா நூலை என் கையில் தந்தார்.

அந்தப் பச்சையை மாமா கவனிக்கவில்லை என்று எண்ணி, நான் பட்டத்தை இன்னும் உயர விட்டேன்.