மாவு மில் நின்ற ஆட்டம்

இருட்டில் ஓடுகிற ஆளைப் படம் பிடிக்க முடியாது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நானும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். "அதுலயும் பொம்பளை கையில கேமரா" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். தருமபுரியில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து எல்லாம் அவர் எடுப்பார். இருட்டறையில் பிலிம் கழுவிப் பிரிண்ட் போடுவது நான். அவர் கெடுத்துக் கொண்டுவருவதைத் தேற்றுவதும் நான்தான் என்றால் கோபித்துக்கொள்வார். அதற்காக உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

அந்த வருஷம் புளிக் கிடங்கு ஒன்றைக் காலி செய்து பெண்களுக்கு ஷட்டில் போட்டி வைத்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு வந்தது சேலத்துப் பெண் ஒருத்தியும், எங்கள் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு நர்ஸும். பிளாஷ் அடித்தால் கண் கூசிப் பந்தே தெரிவதில்லை, பிளாஷ் கூடாது என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"நான் போறனுங்க" என்றேன்.

"போ. ஒரே ஒரு படம் தெளிவா வுழுந்தாலும் சரி, அப்பறம் நீ எங்க போனாலும் நான் பை தூக்கறேன். வுழலைன்னா இருட்டறையை வுட்டு வெளிய வரப்படாது."

"சரிங்க" என்று கேமராவை எடுத்துக்கொண்டேன்.

தைரியம் சும்மா வரவில்லை. திருவிழாவில் அவர் எடுத்த ஊஞ்சல் படங்களைக் கழுவும்போது ஒன்று கவனித்திருந்தேன். ஊஞ்சல் நடுவில் வரும்போது எடுத்ததெல்லாம் கலங்கிக் கிடந்தது. உச்சிக்குப் போய்த் திரும்பப் பார்க்கிற நேரத்தில் எடுத்ததில் குழந்தையின் பல்கூடத் தெரிந்தது. எகிறி அடிக்கிறவளும் உச்சியில் ஒரு கணம் நின்றுதானே ஆகவேண்டும்?

ஆனால் கிடங்கில் வெளிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கிடங்குக்கும் ஒட்டி இருந்த மாவு மில்லுக்கும் ஒரே கரண்டு லைன் இழுத்திருந்தார்கள். மோட்டார் ஓட ஓட, பல்புகளுக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. லென்சை முழுக்கத் திறந்து வைத்தும் பாதி பிலிம் வீணாகப் போனது. நர்ஸுக்கும் பந்து தெரியவில்லை, முதல் ஆட்டம் போனது. தட்டுத்தடுமாறி இரண்டாவதைப் பிடித்தாள். மூன்றாவது தொடங்குமுன் சின்ன இடைவெளி. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக மில்லுக்குப் போனேன்.

"கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்துங்கண்ணா."

"அதெப்படிங்க? இத்தனை பேரு அரைக்கறதுக்குக் கேவுரு வெச்சிட்டு நிக்கறாங்களே" என்றார் மில்காரர்.

வரிசையில் முதலில் நின்ற அம்மா திரும்பினார். "எதுக்கும்மா நிறுத்தணும்?"

"உள்ள நம்ம பிரசவ வார்டு நர்ஸம்மா ஆடறாங்க. மில்லு ஓடறதால லைட்டு மங்குது. பந்து தெரியாம தோத்துருவாங்க போல."

"எந்த நர்ஸம்மா? ஒசரமா, செவப்பா, வலி வந்தா நம்மகூட சேந்து கத்துமே, அதுங்களா?"

"அவங்களேதான்."

அந்த அம்மா மில்காரரைப் பார்த்தார். "நிறுத்துப்பா. எம் பையனை வெளிய எடுத்தவ அவ. கேவுரு எங்கயும் ஓடிப்போயிராது."

மோட்டார் நின்றது. கிடங்குக்குள் பளீரென்று வெளிச்சம் விழுந்தது. கூடையும் குண்டானுமாகப் பெண்கள் எல்லோரும் உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டார்கள். அதற்கப்புறம் நர்ஸைப் பிடிக்க ஆளில்லை. கடைசிப் புள்ளிக்குப் பந்து உயரே வந்தது. அவள் எகிறினாள். உடனே அழுத்தவில்லை. உச்சிக்குப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து, அப்புறம்தான் அழுத்தினேன். நர்ஸ் ஜெயித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பிலிமை டெவலப்பரில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஊறவிட்டேன். தாளில் மெல்ல மெல்ல எழுந்து வந்தாள். இழுத்துச் செருகிய சேலை, தரையில் படாத இரண்டு கால், மட்டைக்கு முன்னால் பந்து. பின்னால் குண்டானை இடுப்பில் வைத்தபடி வாயைப் பிளந்து நிற்கிற பெண்கள். இருட்டறையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு குளிர்ந்துபோகிறது.

என் வீட்டுக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வெளிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து தான் எடுத்த மாப்பிள்ளை படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார்.

அடுத்த போட்டி சேலத்தில். சொன்ன சொல் தவறாமல் பஸ்ஸிலிருந்தே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வாசலில் காவலுக்கு நின்றவர் அவரை மட்டும் பார்த்து, "போட்டோகிராபர் மட்டுந்தான் உள்ள போலாம், சார்" என்றார்.

என் வீட்டுக்காரர் பையைத் தோளிலிருந்து இறக்கி என்னிடம் நீட்டினார்.

"அப்ப இவங்கதாங்க போகணும்" என்றார்.