கரண்ட் வைத்த தாடை

திராட்சைச் சாறு இடது தொண்டையில் மிளகாயாக எரிந்ததுதான் முதல் அறிகுறி. சளி என்று விட்டேன். மதுரை டாக்டர் சதை எடுத்துச் சோதித்துவிட்டு, டான்சிலில் (உள்நாக்குக்குப் பக்கத்துச் சதை) புற்றுநோய் என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூடை சுமந்து பழ வியாபாரம் தொடங்கியவனுக்கு, இன்று கூடலூரிலிருந்து கம்பம் வரை பழம் தராத திராட்சைத் தோட்டம் கிடையாது. நோய்க்கெல்லாம் பயப்படுகிற ஆளில்லை நான். முகத்தில் வலைமூடி மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அதற்குக் கரண்ட் வைப்பது என்று பெயர். வாயெல்லாம் புண்; கஞ்சிகூட ஊசியாய் இறங்கியது. நான் முனகவில்லை. நர்சுகள் மற்ற நோயாளிகளுக்கு என்னைத்தான் உதாரணம் காட்டினார்களாம்.

புண் ஆறியது, எச்சில் திரும்பவில்லை. (உமிழ்நீர்ச் சுரப்பிகள் கதிரில் கெட்டுப்போகும்.) நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குடித்து அலுத்துப்போனேன். வீடு நிறையப் பழம் இருக்க எனக்கென்ன குறை என்று, பகல் முழுக்கக் கன்னத்தில் ஒரு பன்னீர் திராட்சையை அடக்கிக்கொண்டேன். எச்சில் இல்லாத வாயில் அந்த இனிப்பும் புளிப்பும் பல்லை அரித்துவிடும் என்று ஒருத்தர் சொல்லவில்லை.

ஒரு வருஷத்துக்குள் இடது கடைவாய்ப் பற்கள் ஈறோரம் கறுத்து உளுத்துப்போயின. தேனியில் பல் டாக்டரம்மாவிடம் போய், பிடுங்கி எறியுங்கள் என்றேன். அவர் கேட்டதற்கு சுகர் இல்லை, பிரஷர் இல்லை என்று சொன்னேன். தொண்டைக் கதையை எடுக்கவில்லை. பல்லுக்கும் அதற்கும் என்ன? மரத்துப்போகும் ஊசியை அவர் கையில் எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற என் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"டாக்டரம்மா, இவுகளுக்குப் போன வருசம் தொண்டையில கரண்ட்டு வச்சாக. ஊசி ஒத்துக்கிருமா?"

அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். "எந்தப் பக்கம்மா?"

"இந்தா, இதே பக்கந்தான்."

"ஐயா, கரண்ட் வச்ச தாடையில பல்லைப் புடுங்குனா குழி ஆறாம எலும்பே செத்துப்போகலாம். தாடையை அறுத்து எடுக்கிற வரைக்கும் கொண்டுபோய் விட்டுரும்."

கரண்டுக்கு முன்பே பல்லைப் பார்த்து, கெட்டதை எடுத்து, அது ஆறிய பிறகே தொடங்கியிருக்க வேண்டுமாம்.

மறுநாளே கரண்ட் வைத்த மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலைமூடிக்கு அளவெடுக்கத் தெரிந்தவர்களுக்கு வாயைத் திறக்கச் சொல்லத் தெரியவில்லையா என்று கேட்டேன். கூட்டத்தில் விட்டுப்போயிருக்கும் என்றார் அங்கிருந்த சின்ன வயது டாக்டர் ஒருவர். விட்டுப்போக அதென்ன குடையா?

அவர் சிரித்தார். "உயிரையே காப்பாத்திக் குடுத்திருக்கோம். பல்லுக்கா சண்டைக்கு வந்தீங்க பெரியவரே?"

"பொழைக்க வச்சது எதுக்கு? நாலு வாய் திங்கத்தானே?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கரண்டுக்கு முன்னால் பல்லைக் காட்டுங்கள். எத்தனை வருஷம் கழித்துப் பல் டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாகக் கரண்ட் வைத்ததைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

டாக்டரம்மா என் பற்களைப் பிடுங்கவில்லை. வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைத்து, மேல்பகுதியை ஈறோடு சீவிவிட்டார். வேர்கள் எலும்புக்குள் அப்படியே இருக்கின்றன. மிச்சப் பற்களுக்குத் தினமும் ஃப்ளோரைடு (பல் அரிக்காமல் காக்கும் மருந்து) தடவுகிறேன். இந்தப் பயம் எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டேன். இருக்கிற வரைக்கும் என்றார்.

எனக்கு வயது அறுபத்தெட்டு. அந்த எலும்பு இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. காலையில் முகம் கழுவும்போது இடது தாடையை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். நான் சொன்னபடி எழுந்து நடந்த உடம்பு இது. இப்போது தாடையிடம் கேட்டுவிட்டுத்தான் நாளைத் தொடங்குகிறேன்.